ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொள்வது எப்படி

ஒரே ஒரு இலைதான் மஞ்சளாகியிருந்தது. அதுவும் முழு இலை இல்லை, நுனி மட்டும். வால்டெமார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், கழற்றிவிட்டுப் பார்த்தார், டார்ச் அடித்தும் பார்த்தார். சந்தேகமே இல்லை, மஞ்சள்தான்.

சாப்பாட்டு மேசையின் நடுவில் ஒரு தட்டு. தட்டின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடி. மூடிக்குள், சின்னச் சின்ன மண் கட்டிகளில் சொருகி வைத்த ஒரு டஜன் கஞ்சாப் போத்துகள். ஒவ்வொன்றும் விரல் நீளம்தான் இருக்கும், தலையில் இரண்டு மூன்று இலை. அரசு அனுமதியோடு நடக்கும் மீனாஸ் நகரக் கஞ்சா வளர்ப்போர் சங்கத்தின் எதிர்காலமே இப்போது வால்டெமாரின் சாப்பாட்டு மேசையில் இருந்தது. அதனால் அவரும் மனைவி மிர்த்தாவும் அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள்.

சங்கத்தின் தோட்டக்காரி ஒஃபேலியா அம்மாள்தான் தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். முப்பது வருடம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. அவரிடம் அடி வாங்கியவர்கள், வாங்காதவர்கள் எல்லோருக்கும் அவர் இன்னமும் டீச்சர்தான். பத்திரப்படுத்திய பொருளை ஒப்படைப்பது போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"வால்டெமார், நல்லாக் கேட்டுக்கோ. நம்ம தாய்ச்செடி போயிடுச்சு. ஆகஸ்ட் மாசக் குளிர்காலப் பனி கருக்கிடுச்சு. அதுலேர்ந்து வெட்டி வெச்ச போத்து இது மட்டும்தான் மிச்சம். நான் மகளோட பிரசவத்துக்கு சால்ட்டோ போறேன். உன்னை நம்பித்தான் குடுக்கிறேன்."

"நான் என்ன பண்ணணும் டீச்சர்?"

"ஒண்ணும் பண்ணக் கூடாது."

"ஒண்ணும்னா?"

"ஒண்ணும்னா ஒண்ணும்தான். மூடியைத் திறக்காதே. தண்ணி ஊத்தாதே. உரம் கிரம்னு எதையும் தூக்கிட்டு வராதே. அதுக்கு வேரே வரலை, எதைச் சாப்பிடும்? பார்த்துட்டு இரு, போதும். யார்கிட்டயும் மூச்சு விடாதே. விட்டா போன வருஷம் மாதிரி சங்கத்துல இருக்கிற அத்தனை பேரும் தெர்மோஸைக் கக்கத்துல இடுக்கிட்டு வந்து நிப்பாங்க."

வால்டெமார் தலையாட்டினார். முப்பத்தைந்து வருடம் பேருந்து ஓட்டியவர், போன வருடம்தான் ஓய்வு பெற்றார். ஸ்டியரிங்கைப் பிடித்துப் பழகிய கைக்கு எதையாவது திருகிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஆளைக் கூப்பிட்டு ஒன்றும் செய்யாதே என்று சொன்னால் அவர் என்னதான் செய்வார்?

இதில் அவருக்குச் சொந்தக் கவலையும் இருந்தது. மிர்த்தா கார்னிவல் திருவிழாப் பாட்டுக் கோஷ்டிக்கு உடை தைப்பவள். விரல் மூட்டெல்லாம் வாதம். அந்தத் தாய்ச்செடியின் பூவைக் கொழுப்பில் காய்ச்சி டீச்சர் ஒரு களிம்பு செய்து கொடுப்பார். அதைத் தடவிக்கொண்டால்தான் அவள் விரல் ஊசியைப் பிடிக்கும். வேறு செடியில் செய்த களிம்பையும் தடவிப் பார்த்தாயிற்று, கேட்கவில்லை. டாக்டரைக் கேட்டால் தோளைக் குலுக்குவார். களிம்பு டப்பாவில் இப்போது அடிதான் தெரிந்தது.

தட்டு வந்த அன்று மாலை இருவரும் அதன் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். தொலைக்காட்சியில் கால்பந்து ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க ஆளில்லை.

"வேரே இல்ல, ஆனா நிக்குது பாரு" என்றார் வால்டெமார்.

"ம்."

"வெட்டிப் போட்ட குச்சி, மிர்த்தா. எப்படி உசுரோட இருக்கு?"

"தெரியல கிழவா. கொஞ்சம் மெதுவாப் பேசு." தூங்குகிற குழந்தை பக்கத்தில் இருப்பது போல அவளே கிசுகிசுத்தாள்.

மூடியின் உட்புறம் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது. இலைகள் தாங்களே விட்ட மூச்சைத் தாங்களே குடித்துக்கொண்டு நின்றன. வால்டெமார் நாற்காலியை இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டார். மலைப்பாதையில் எத்தனை சூரிய உதயத்தைப் பார்த்திருக்கிறார், எதையும் இப்படிக் கண் எடுக்காமல் பார்த்ததில்லை.

இப்போது அதில் ஒன்றின் நுனி மஞ்சள்.

அவர் கையில் மாத்தேக் குடுவை இருந்தது, கக்கத்தில் தெர்மோஸ் இருந்தது. அந்த ஊரில் பொழுது விடிந்தால் எல்லா ஆண்பிள்ளைக்கும் அவை இரண்டும் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். மாத்தே இலையில் வெந்நீர் ஊற்றி உறிஞ்சுவார்கள், பக்கத்தில் இருப்பவருக்கு நீட்டுவார்கள். போதும் என்றால் அவர் 'நன்றி' என்று சொல்ல வேண்டும். சொல்லும்வரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.

வால்டெமார் ஓர் உறிஞ்சு உறிஞ்சினார். மஞ்சள் நுனியைப் பார்த்தார். நாம் மட்டும் குடிக்கிறோமே என்று இருந்தது. மூடியை ஒரு பக்கம் லேசாகத் தூக்கி, தெர்மோஸில் ஆறியிருந்த தண்ணீரை ஒரு மடக்கு ஊற்றினார். ஒன்றுக்கு மட்டும் ஊற்றினால் மற்றவை என்ன நினைக்கும்? எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு மடக்கு. எதுவும் நன்றி சொல்லவில்லை. அதனால் இன்னொரு சுற்று ஊற்றினார்.

மறுநாள் பாதிக்கு மேல் தலையைத் தொங்கப் போட்டுவிட்டன.

தெருமுனையில் கறிக்கடை வைத்திருக்கும் ரோக்கேயும் சங்கத்து ஆள்தான். விஷயத்தைச் சொல்லக் கூடாது. ஆனால் கேட்காமலும் இருக்க முடியாது. வால்டெமார் கறி வாங்குகிற சாக்கில் போய் நின்றார்.

"ரோக்கே, எங்க வீட்ல தக்காளி நாத்து வெச்சிருக்கேன்."

ரோக்கே கத்தியைக் கீழே வைத்தான். "நீயுமா? நானும் தக்காளிதான் வெச்சிருக்கேன்."

"தலை தொங்குதுய்யா."

"உனக்கு தொங்கிடுச்சா? எனக்கு இன்னும் தொங்கல, மஞ்சள்தான் தட்டுது." ரோக்கே சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு பக்கத்தில் வந்தான். "பசிய்யா அது. பச்சைப் புள்ளைக்குப் பசிச்சா தலை நிக்குமா? கறி கழுவின தண்ணி தரேன், கொண்டுபோய் ஊத்து. ரத்தம், சத்து."

"நீ ஊத்தினியா?"

"ஊத்தலாம்னு இருக்கேன். நீ ஊத்திப் பார்த்துட்டுச் சொல்லு."

இதைக் கேட்டபோதே வால்டெமாருக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. ஒரு பாட்டில் சிவப்புத் தண்ணீரைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, மிர்த்தா தைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து ஊற்றிவிட்டார்.

இலைகள் நிமிர்ந்தன. வால்டெமார் அகமகிழ்ந்தார். மாலைக்குள் நிமிர்ந்த இலைகளெல்லாம் கருகருவென்று கறுத்து, பருந்து நகம் மாதிரி கீழ்நோக்கி வளைந்தன. வீடு முழுக்கக் கறிக்கடை நாற்றம்.

"என்ன இது நாத்தம்?" மிர்த்தா அறையிலிருந்து கேட்டாள்.

"ரோக்கே வந்துட்டுப் போனான்."

"உள்ள வந்து குளிச்சிட்டுப் போனானா?"

சத்து அதிகமாகிவிட்டது என்று வால்டெமாருக்கே புரிந்தது. அதிகமானதை இறக்க வேண்டும், அவ்வளவுதானே. தட்டைக் குளியலறைக்குத் தூக்கிப் போய், ஷவரைச் சன்னமாகத் திறந்து, ஒவ்வொன்றையும் குளிப்பாட்டினார். மண் கட்டியெல்லாம் பாலில் போட்ட ரொட்டியாகிவிட்டது. இரண்டு போத்துகள் சாய்ந்து விழுந்து, தண்ணீரோடு போயே போய்விட்டன. குளியலறைத் தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்து, வடிகால் ஓட்டையையே அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஈரத்தைக் காய வைக்க வேண்டுமே. விறகு அடுப்புக்குப் பக்கத்தில் தட்டை வைத்து, மூடியை அழுத்தி மூடினார். காலையில் மூடிக்குள் பஞ்சு மாதிரி சாம்பல் நிறப் பூசணம். பூசணம் போகக் காற்று வேண்டும் என்று மூடியை எடுத்துவிட்டு ஜன்னலைத் திறந்தார். குளிர்காற்று வந்தது. காற்றோடு கொசு மாதிரி பொடி ஈக்களும் வந்து ஈர மண்ணில் குடியேறின.

மறுபடியும் கறிக்கடை.

"ரோக்கே, தக்காளில பொடி ஈ."

"உனக்கு ஈயா? எனக்குப் பூசணம்." ரோக்கேயின் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. "சர்வேஸ்வரா, தூங்கியே பல நாளாச்சுய்யா. தக்காளிக்கே இந்தப் பாடா?"

"பூசணத்துக்கு ஜன்னலைத் திறந்து வை. எனக்குப் போயிடுச்சு."

"அப்படியா? ஈக்கு மாத்தேச் சக்கை போடு. குடிச்சு முடிச்ச சக்கையை மண்ணு மேல மெத்தை மாதிரி பரப்பு. எங்க அப்பன் ரோஜாவுக்கே அதைத்தான் போடுவான்."

இந்த யோசனை வால்டெமாருக்குப் பிடித்திருந்தது. எல்லோர் வீட்டிலும் சக்கை செடிக்குத்தான் போகும். அவர் விடியற்காலையில் குடித்து முடித்த குடுவையைத் தட்டிக் கவிழ்த்து, போத்துகளைச் சுற்றி அழகாகப் பரப்பினார்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். அந்த ஊரில் ஆண்பிள்ளை என்றால் மாத்தேயைக் கசப்பாகத்தான் குடிக்க வேண்டும். சர்க்கரை போட்டுக் குடிப்பது நோயாளிக்கும் சின்னக் குழந்தைக்கும் உரியது. மதுக்கடை நண்பர்கள் மத்தியில் வால்டெமார் முகத்தைச் சுளிக்காமல் கசப்பை உறிஞ்சுவார். ஆனால் விடியற்காலையில், மிர்த்தா எழுந்திருப்பதற்கு முன்னால், தனியாகக் குடிக்கும் முதல் குடுவையில் மூன்று கரண்டி சர்க்கரையும் ஒரு துண்டு ஆரஞ்சுத் தோலும் போட்டுக்கொள்வார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அது அவளுக்குத் தெரியாது.

மிர்த்தாவுக்குத் தெரியாதது எறும்புக்குத் தெரிந்துவிட்டது.

அன்று பகல் தூக்கத்திலிருந்து மிர்த்தாதான் அவரை எழுப்பினாள். "கிழவா, எழுந்திரு. வந்து பாரு."

ஜன்னல் கட்டையிலிருந்து மேசைக்கு ஒரு கோடு. மேசையிலிருந்து ஜன்னலுக்கு இன்னொரு கோடு. இலைவெட்டி எறும்புகள். வருகிற கோடு வெறுங்கையோடு வந்தது. போகிற கோட்டில் ஒவ்வொரு எறும்பும் தன்னைவிடப் பெரிய பச்சைத் துண்டைத் தலைக்கு மேல் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு போனது. தேர்த் திருவிழாவில் கொடி பிடித்துப் போவது போல, இடிக்காமல், முந்தாமல், ஒரே சீராக. சங்கத்தின் எதிர்காலம் ஜன்னல் வழியாக இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

வால்டெமார் கத்தியிருக்க வேண்டும். செருப்பைக் கழற்றியிருக்க வேண்டும். ஆனால் இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டார்கள்.

"எவ்வளவு ஒழுங்கு பாரேன்" என்றாள் மிர்த்தா.

"என் பஸ்ஸுல ஒருநாளும் இப்படி வரிசையா ஏறினதில்ல."

"இத்தனை வருஷமா ஜன்னலுக்கு வெளில புத்து இருக்கு, ஒருநாளும் உள்ள வந்ததில்லையே. இன்னிக்கு மட்டும் ஏன்?" அவள் குனிந்து சக்கையை ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "ஆரஞ்சுத் தோலுமா?"

வால்டெமார் எறும்புகளை எண்ணுவது போலக் குனிந்துகொண்டார்.

"இத்தனை வருஷமும் எனக்குக் கசப்பா போட்டுக் குடுத்தியே, பாவி. எனக்கு மட்டும் இனிப்பு பிடிக்காதா?"

அதற்குப் பிறகுதான் அவருக்குச் சுரணை வந்து வெந்நீரை ஊற்றினார். எறும்பு போயிற்று. கூடவே மிச்சம் மீதி இருந்ததும் வெந்துபோயிற்று. வெந்நீர் படாத ஓரத்தில் ஒரே ஒரு குச்சி கிடந்தது. தலையில் அரை இலை, அதுவும் எறும்பு கடித்து ரம்பம் மாதிரி இருந்தது.

வால்டெமார் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். "நான்தான் கொன்னுட்டேன் மிர்த்தா. ஒண்ணும் பண்ணாதேன்னு சொன்னாங்க. ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க. உன் கைக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

மிர்த்தா வளைந்த விரல்களால் அந்தக் குச்சியை எடுத்தாள். ஒரு கண்ணாடி டம்ளரில் வெறும் தண்ணீர் பிடித்து அதில் நிறுத்தினாள். தன் தையல் மேசை மேல் வைத்தாள்.

"இது பொழைக்காது" என்றார்.

"பொழைச்சாப் பொழைக்கட்டும், போனாப் போகட்டும். ஆனா நீ இந்த அறைக்குள்ள கால் வெச்சே, கத்தரிக்கோல் பறக்கும்."

அவர் வைக்கவில்லை. பயம் பாதி, வெட்கம் பாதி. பகலெல்லாம் தெருவில் சுற்றினார். மாத்தே குடிக்கவே மனசு வரவில்லை. அவள் விரலால் ஊசி நூலைக் கோக்க முடியாமல் திணறுவது கதவுக்கு வெளியே கேட்கும். நூல் கோக்கிறபோது கேட்க என்ன சத்தம் இருக்கிறது என்று நினைப்பீர்கள். அவள் திட்டுகிற சத்தம்தான்.

டீச்சர் திரும்பி வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் மிர்த்தா கூப்பிட்டாள். "உள்ள வா. கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு வா."

ஜன்னல் வெயில் டம்ளரில் விழுந்திருந்தது. குச்சியின் அடியில், நூலினும் மெலிசாக, வெள்ளைவெளேரென்று ஒரு வேர். பக்கத்தில் இன்னொன்று புறப்படுகிற மொட்டு. மேலே, எறும்பு கடித்த அரை இலைக்கு மேல், கடுகு அளவு புதுப் பச்சை.

வால்டெமார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டே முட்டி போட்டார். அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. ஊறப்போட்டு, ரத்தம் ஊற்றி, குளிப்பாட்டி, புழுக்கி, பூசணம் பிடிக்க வைத்து, எறும்புக்குத் தின்னக் கொடுத்த குச்சி. டம்ளரில் வைத்த பிறகு அதற்கு யாருமே ஒன்றும் செய்யவில்லை. அது பாட்டுக்குப் பிழைத்துவிட்டது.

"எங்கேர்ந்து வந்துச்சு இது?" என்றார். "உள்ளேயே இருந்துச்சா?"

"எனக்கும் தெரியல" என்றாள் மிர்த்தா. "விடியறதுக்கு முன்னாடிலேர்ந்து பார்த்துட்டிருக்கேன்."

டம்ளரைத் துண்டால் மூடி, இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு டீச்சர் தட்டைக் கொண்டுவரச் சொல்லியிருந்த சங்கக் கட்டடத்துக்கு நடந்தார். மிர்த்தா பக்கத்திலேயே வந்தாள், அவர் கல் தடுக்கிவிடாமல் பார்ப்பதற்காக.

வாசலில் ரோக்கே நின்றுகொண்டிருந்தான். அவன் கையிலும் துண்டு போட்டு மூடிய ஏதோ ஒன்று. பெரியது, தட்டு அளவு.

"என்னய்யா அது?" என்றார் வால்டெமார்.

"தக்காளி" என்றான் ரோக்கே. தட்டை இன்னும் நெருக்கிப் பிடித்துக்கொண்டான்.

உள்ளே போனால் மருந்துக்கடைக்காரர் மடியில் துண்டு போட்ட தட்டு. பேருந்து நிலைய மேலாளர் மடியில் மேசை விரிப்பு போட்ட தட்டு. சுவரோரம் நெடுக ஆட்கள், ஆளுக்கொரு மூடிய தட்டு. எல்லோர் கண்ணிலும் தூக்கமில்லாத சிவப்பு. பிணம் பார்க்க வந்த கூட்டம் மாதிரி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பிறகு ஒருவர் துண்டு நழுவியது. உள்ளே வெறும் மண்.

"உங்ககிட்டயுமா குடுத்தாங்க?"

"உன்னை மட்டும்தான் நம்பறேன்னு சொன்னாங்களே."

"என்கிட்டயும் அதேதான்."

ரோக்கே தன் துண்டை விலக்கினான். பூசணத்துக்கு ஜன்னலைத் திறந்து வைத்த தட்டு. போத்துகள் இருந்த இடம் தெரியாமல் காய்ந்துபோயிருந்தன. வால்டெமாரும் ரோக்கேயும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீ சொன்னதைத்தான் பண்ணேன்" என்றான் ரோக்கே.

"நானும் நீ சொன்னதைத்தான்."

டீச்சர் மேடைப் பக்கத்துக் கதவு வழியாக உள்ளே வந்தார். எல்லோரும் பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில் எழுந்து நின்றார்கள். அவர் வரிசையாக ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டே வந்தார். முகத்தில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை.

வால்டெமார் துண்டை எடுத்தார். "டீச்சர், என்னை எவ்வளவு வேணா திட்டுங்க. எல்லாத்தையும் கொன்னுட்டேன். ஆனா இது ஒண்ணு மட்டும்..."

டீச்சர் டம்ளரை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். முதல்முறையாக அவர் முகம் மாறியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"வேர் விட்டிருக்கே" என்றார் மெதுவாக. "இது எப்படி வேர் விட்டுச்சு?"

கூட்டம் நெருங்கி வந்து சூழ்ந்துகொண்டது. மருந்துக்கடைக்காரர் தொப்பியைக் கழற்றினார். அந்த வெள்ளை நூல் தண்ணீருக்குள் லேசாக அசைந்தது. பெரியவர்கள் அத்தனை பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மிர்த்தா தன் கோணல் விரல்களை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டாள்.

"இந்த ஒண்ணு போதுமா டீச்சர்?" என்று கேட்டார் வால்டெமார். "இவ கைக்கு, இது ஒண்ணை வெச்சு மறுபடி ஆரம்பிக்க முடியுமா?"

டீச்சர் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வெளியே சரக்கு வண்டி வந்து நின்ற சத்தம். டீச்சரின் அண்ணன் மகன் ஃபபியான், வண்டி ஓட்டுகிறவன், கையில் மண்ணோடு உள்ளே வந்தான். கூட்டத்துக்கு நடுவே தலையை நீட்டி டம்ளரைப் பார்த்தான்.

"அட, குப்பைக் கூடைலேர்ந்து நான் பொறுக்கி நட்டுக் குடுத்த கழிசல்ல ஒண்ணு வேர் வேற விட்டிருக்கா? சரி அத்தை, தாய்ச்செடியையும் நெசக் கன்னு மொத்தத்தையும் வண்டில ஏத்தியாச்சு, சால்ட்டோ போறேன்னுட்டு நீங்க ஜன்னலைச் சாத்திக்கிட்டு வீட்டுக்குள்ளயே கிடந்தது வீண் போகல, இவங்க எல்லாருக்கும் இந்தக் கழிசலோட வேலை இருந்ததால நெசக் கன்னுல யாரும் கை வைக்கல, இந்த வருஷம் ஒண்ணுகூட சாகல."